பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவரா நீங்க? - தாடை மூட்டு வலியும், அவசரப்படக் கூடாத சிகிச்சையும்

காலையில் எழுந்ததும் கன்னம் இறுகிப்போயிருக்கும். பல் தேய்க்க வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் ஒரு 'சுருக்'. மதியம் சாப்பிடும்போது 'டக் டக்' என்று சத்தம். சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டில் தலைவலி. “காதுலதான் ஏதோ பிரச்சினை” என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போனால், “காது நல்லாத்தானே இருக்கு” என்பார். “அப்போ கடைவாய்ப் பல்லா இருக்கும்” என்று பல் மருத்துவரிடம் போனால், எக்ஸ்ரேயில் சொத்தை எதுவும் தெரியாது.

இப்படி இரண்டு மருத்துவமனைகளுக்கு நடுவே அலையவைக்கிற வலிகளில் முக்கியமானது தாடை மூட்டு வலி. மருத்துவ உலகில் இந்தக் கோளாறுகளை மொத்தமாக 'டிஎம்டி' என்பார்கள். மூட்டின் பெயர் 'டிஎம்ஜே'. அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் மட்டும் 1.1 கோடி முதல் 1.2 கோடி வரையிலான பெரியவர்களுக்குத் தாடை மூட்டுப் பகுதியில் வலி இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்கு அதிகம்; குறிப்பாக 35 முதல் 44 வயதுக்குள்.

இந்த வலியில் பயப்பட வேண்டியது வலியை மட்டும் அல்ல, அவசரத்தையும்தான். காரணம் புரியாமல் நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்வது, பல்லைப் பிடுங்குவது, பல்லை ராவிக் கடியைச் 'சரிசெய்வது' என்று போய்விட்டால், வலியும் போகாது; போன பல்லும் திரும்பி வராது.

கதவும் டிராயரும் சேர்ந்த மூட்டு

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒன்று உருண்டு நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை. அது மண்டையோட்டில் இருக்கும் ஒரு சிறு குழியில் பொருந்தி நிற்கிறது. இரண்டு எலும்புக்கும் நடுவே உறுதியான நார்த்திசுவால் ஆன ஒரு மெல்லிய வட்டு, மெத்தை மாதிரி இருக்கிறது.

வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது இந்த மூட்டு கதவுக் கீல் போலச் சுழல்கிறது. கொட்டாவி விடும் அளவுக்குத் திறக்கும்போது மேஜை டிராயர் போல முன்னால் சறுக்குகிறது. ஒரே மூட்டு இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். அதோடு வலது, இடது என இரண்டு மூட்டுகளும் ஒரே எலும்பில் மாட்டியிருப்பதால், ஒன்று தடுமாறினால் மற்றொன்றும் தடுமாறும். பேசுவது, மெல்லுவது, விழுங்குவது என எல்லாவற்றுக்கும் இது அசைந்தாக வேண்டும். முழங்கால் வலித்தால் உட்கார்ந்துவிடலாம். தாடைக்கு அந்த வசதி இல்லை.

இந்த மூட்டை இயக்குபவை கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் வலுவான தசைகள். பல்லை இறுகக் கடித்தபடி கன்னத்தில் கை வைத்தால் ஒரு தசை புடைப்பது தெரியும். மூட்டு காதுக்கு ஒட்டியே இருப்பதாலும், தாடை, பல், நெற்றிப்பொட்டுப் பகுதிகளின் வலி உணர்வு ஒரே பெரிய நரம்பு வழியாக மூளைக்குப் போவதாலும், எங்கிருந்து வலி கிளம்புகிறது என்று மூளையே குழம்பிவிடும். தசையில் வலி இருந்தாலும் காதில் வலிப்பதுபோல, பல்லில் வலிப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

வலி எங்கிருந்து வருது?

டிஎம்டி என்பது ஒரே நோய் அல்ல. பெரிதாக மூன்று வகை. முதலாவது தசை வலி. மெல்லும் தசைகள் ஓய்வில்லாமல் இறுகிக்கிடப்பதால் வருவது. அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். இரண்டாவது, நடுவில் இருக்கும் வட்டு தன் இடத்திலிருந்து விலகுவது. மூன்றாவது, மூட்டே தேய்வது அல்லது வீங்குவது. முடக்குவாதம் போன்ற மூட்டு நோய்கள் தாடையையும் விட்டுவைப்பதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு வகை சேர்ந்தும் இருக்கலாம்.

பல நேரங்களில் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. தாடையில் அடி, நீண்ட நேரம் வாயைத் திறந்தபடி செய்த பல் சிகிச்சை, மன அழுத்தம், தூக்கக் குறைவு, உடலின் வேறு இடங்களில் நாள்பட்ட வலி, பல்லைக் கடிக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

'பல்லைக் கடிச்சுக்கிட்டு' வாழ்றது

கஷ்டத்தைத் தாங்கிக்கொள்வதைத் தமிழில் 'பல்லைக் கடித்துக்கொண்டு' என்கிறோம். தாடைத் தசைகளைப் பொறுத்தவரை அது வெறும் சொல்வழக்கு அல்ல. டெட்லைன் நெருங்கும்போது, டிராஃபிக்கில் மாட்டும்போது, மேனேஜரின் மெசேஜைப் படிக்கும்போது பலரும் தங்களை அறியாமல் பல்லோடு பல்லை அழுத்திக்கொள்கிறார்கள்.

உண்மையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம் மிகக் குறைவு. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தொடுவதையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்கு சுமார் 20 நிமிடங்கள்தான் என்பது பல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். லேப்டாப் முன்னால் 8 மணி நேரம் உட்காரும் ஒருவர் அதில் 2 மணி நேரம் லேசாகக் கடித்துக்கொண்டிருந்தாலே தசைகளுக்கு அது ஓவர்டைம்.

இது பகல் கணக்கு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது வேறு. அதை விரும்பி நிறுத்த முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் தெரியும். மது, புகை, அதிகப்படியான காபி ஆகியவை அதைக் கூட்டலாம். மன அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பது வரலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் மாத்திரை எழுதிய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

'டக்'னு சத்தம் வந்தா ஆபத்தா?

வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. வட்டு சற்று முன்னால் விலகியிருந்து, வாய் திறக்கும்போது மீண்டும் தன் இடத்தில் ஏறும் சத்தம் அது. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் இந்தச் சத்தம் உண்டு. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் வலியே இல்லாதவர்களில் கணிசமானோருக்கும் வட்டு விலகியிருப்பது தெரியும். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வட்டு விலகல்' என்று இருப்பதாலேயே அறுவைசிகிச்சை தேவை என்று அர்த்தம் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. இத்தனை நாள் வந்துகொண்டிருந்த 'டக்' சத்தம் திடீரென நின்று, அதோடு வாயும் பாதிதான் திறக்கிறது என்றால், விலகிய வட்டு திரும்பி ஏறாமல் வழியை மறித்து நிற்கிறது என்று பொருள். இதைத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. உங்கள் கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். வயதுவந்தவருக்கு வாய் சுமார் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பல் வரிசைதான் காரணம்னு சொன்ன காலம்

1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது வலி, காது அடைப்பு, தலைசுற்றல், தலைவலி ஆகியவற்றைத் தாடை மூட்டோடு இணைத்து எழுதினார். கடைவாய்ப் பற்கள் போனதால் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலே ஏறி, காதுப் பக்கத்தை அழுத்துகிறது என்பது அவர் விளக்கம். அந்த விளக்கம் உடற்கூறியல்படி சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் 'எல்லாத்துக்கும் காரணம் கடிதான்' என்ற எண்ணம் மட்டும் பல பத்தாண்டுகள் நீடித்தது. பற்களை ராவுவது, கேப் போட்டு உயரத்தை மாற்றுவது, கிளிப் போடுவது என்று சிகிச்சைகள் அதன் பின்னே போயின.

அடுத்து கவனம் வட்டின் பக்கம் திரும்பியது. 1980களில் வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டை வைக்கும் அறுவைசிகிச்சை அமெரிக்காவில் பரவியது. ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டது. மெல்லும் அழுத்தத்தைத் தாங்காமல் தகடு துகள்களாக உதிர்ந்தது. அந்தத் துகள்களை உடல் எதிர்த்ததில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. 1990-91இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து, அந்தத் தகடுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைத்தது. அதற்குள் பலருக்கும் ஆரம்பத்தில் இருந்த வலியைவிடப் பெரிய வலி நிரந்தரமாகிவிட்டது.

டிஎம்டி சிகிச்சையில் இன்று முதல் விதியாகச் சொல்லப்படுவது இந்த அனுபவங்களிலிருந்து வந்ததுதான்: திரும்பப் பெற முடிகிற சிகிச்சையிலிருந்து தொடங்கு, பல்லையும் எலும்பையும் நிரந்தரமாக மாற்றுகிற எதையும் எடுத்த எடுப்பில் தொடாதே. பல் வரிசைக் கோளாறுக்கும் டிஎம்டிக்கும் உள்ள தொடர்பு, முன்பு நினைத்ததைவிட மிகவும் பலவீனமானது என்பதும் இப்போது தெளிவு. பல் வரிசை அழகுக்காகவோ கடிப்பதற்காகவோ கிளிப், அலைனர் போடலாம். 'தாடை வலி போயிடும்' என்பதற்காக மட்டும் போடுவதற்கு ஆதாரம் இல்லை.

2023 வழிகாட்டுதல் சொல்வது என்ன?

பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே, 2023 டிசம்பரில் நாள்பட்ட டிஎம்டி வலிக்கான சிகிச்சை வழிகாட்டுதலை வெளியிட்டது. அதாவது, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு. 150க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளை ஒப்பிட்ட ஆய்வு அதற்கு அடிப்படை.

அது வலுவாகப் பரிந்துரைத்தவை எல்லாமே எளிமையானவை. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலுடன் தாடைப் பயிற்சி, கழுத்து-முதுகு நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, இறுகிய தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, மூட்டைக் கையால் அசைத்துக் கொடுப்பது, வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை, வீட்டுப் பயிற்சியோடு நோயைப் பற்றிய விளக்கமும் தைரியமும் தருவது.

உளவியல் சிகிச்சை என்றதும் “அப்போ என் வலி கற்பனையா?” என்று கோபப்பட வேண்டியதில்லை. வலி உண்மைதான். நாள்பட்ட வலியில் நரம்புகள் சின்ன உணர்வையும் பெரிதாக்கிக் காட்டும். பதற்றமும் தூக்கமின்மையும் அந்த ஒலியளவைக் கூட்டும். அதைக் குறைக்கக் கற்றுத்தருவதுதான் இந்தச் சிகிச்சை.

அதே வழிகாட்டுதல், நாள்பட்ட வலிக்கு போடாக்ஸ் ஊசி, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, லேசர், குருத்தெலும்புச் சத்து மாத்திரை போன்றவற்றைப் பொதுவாக வேண்டாம் என்கிறது. வட்டை அகற்றும் அறுவைசிகிச்சையையும், கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் கவசங்களையும் திட்டவட்டமாக வேண்டாம் என்கிறது.

அப்போ நைட் கார்டு வேண்டாமா?

இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவசத்தைத்தான் 'நைட் கார்டு' என்கிறார்கள். பல் தேய்மானத்தைத் தடுக்க அது உதவும். சிலருக்குக் காலை நேர இறுக்கமும் குறையும். ஆனால் நாள்பட்ட வலியைக் குறைக்கும் என்பதற்கான ஆதாரம் உறுதியாக இல்லை. அதனால் பிஎம்ஜே வழிகாட்டுதல், கழற்றி மாட்டக்கூடிய கவசத்தையும் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. போடுவதென்றால் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து, இடையிடையே சரிபார்க்கும் கவசமே நல்லது. ஆன்லைனில் வாங்கி, வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் ரகத்தை மாதக்கணக்கில் கண்காணிப்பில்லாமல் போட்டால் கடியே மாறிப்போக வாய்ப்புண்டு.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலி அடங்கிவிடும். அதற்கு உதவுபவை இவை:

தாடைக்கு ஓய்வு நிலை: 'ன' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். உதடு மூடியிருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும். மானிட்டர் ஓரத்தில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணில் படும்போதெல்லாம் 'பல் தொடுதா?' என்று பார்த்தால் போதும். போனில் மணிக்கு ஒருமுறை ரிமைண்டர் வைப்பதும் பலன் தரும்.

மென்மையான சாப்பாடு: வலி கூடியிருக்கும் இரண்டு வாரங்களுக்கு இட்லி, பொங்கல், ரசம் சாதம், தயிர் சாதம், நன்றாக வேகவைத்த காய் போதும். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, இழுத்து மெல்ல வேண்டிய பரோட்டா, சூயிங்கம் ஆகியவற்றுக்கு விடுமுறை. ஆப்பிளைக் கடிக்காமல் சின்னதாக நறுக்கிச் சாப்பிடுங்கள்.

ஒத்தடம்: துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம். சூடு தோலைப் பொசுக்கக் கூடாது. திடீர் வலிக்கும் வீக்கத்துக்கும் துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம்.

மெதுவான பயிற்சி: நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டியபடியே, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு 6 முறை, நாளைக்குச் சில தடவை. வலி கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

சின்னச் சின்னப் பழக்கங்கள்: போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசுவது, மோவாயைக் கையில் ஊன்றி உட்காருவது, நகம், பேனா கடிப்பது, குப்புறப் படுப்பது எல்லாம் வேண்டாம். கொட்டாவி வரும்போது மோவாய்க்கு அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். 'சொடக்கு எடுக்கிறேன்' என்று தாடையை வேண்டுமென்றே நெட்டி முறிக்காதீர்கள்.

மாத்திரை: ஐபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகளை மருத்துவர் ஆலோசனையுடன் சில நாட்கள் எடுக்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது.

இதையெல்லாம் தாடை மூட்டு வலின்னு விட்டுடாதீங்க

தாடையில் வரும் எல்லா வலியும் டிஎம்டி அல்ல. நடக்கும்போது, படி ஏறும்போது தாடை வலித்து, நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனே 108.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால், ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும்.

வாய் திறப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்து, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், பாக்கு, குட்கா, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்கள் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயின் உள்தோல் நாராக இறுகும் இந்த நோய், வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடியது. நம் நாட்டில் 'வாய் திறக்க மாட்டேங்குது' என்றால் முதலில் விலக்க வேண்டிய சந்தேகங்களில் இது ஒன்று.

காய்ச்சல், கன்ன வீக்கத்தோடு வாய் திறக்க முடியாமல் போனால், முளைக்கும் ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் வைத்திருக்கலாம். துருப்பிடித்த பொருளோ வேறு எதுவோ குத்திக் காயம்பட்ட சில நாட்களில் தாடை இறுகினால், டெட்டனஸை நினைக்க வேண்டும். கொட்டாவி விட்டபின் வாய் மூட முடியாமல் திறந்தபடியே நின்றுவிட்டால் மூட்டு நழுவியிருக்கிறது. யாரும் தட்டியோ அழுத்தியோ சரிசெய்ய முயலக் கூடாது; அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் அதைத் திரும்பப் பொருத்திவிடுவார்.

யாரைப் பார்ப்பது? என்ன கேட்பது?

முதலில் பல் மருத்துவர். தேவைப்பட்டால் அவர் வாய் நோயறிதல் நிபுணரிடமோ, முகம்-தாடை அறுவைசிகிச்சை நிபுணரிடமோ, பிசியோதெரபிஸ்ட்டிடமோ அனுப்புவார். சென்னை தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற கற்பித்தல் மருத்துவமனைகளில் இந்தத் துறைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பது வசதி. கையால் தொட்டு, வாய் திறப்பை அளந்து, கேள்விகள் கேட்டே பெரும்பாலும் நோயைக் கண்டறிந்துவிடலாம். எல்லோருக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை.

அறுவைசிகிச்சைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. மூட்டு எலும்புகள் ஒட்டிப்போனவர்கள், கட்டி உள்ளவர்கள், மூட்டு முற்றிலும் சிதைந்தவர்கள் ஆகியோருக்கு அது தேவைப்படும். ஊசி மூலம் மூட்டைக் கழுவுவது, சிறு கேமரா விட்டுப் பார்ப்பது போன்றவை தேர்ந்தெடுத்த சிலருக்கு உதவலாம். ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு.

சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் வலி தசையிலிருந்து வருதா, மூட்டிலிருந்தா, பல்லிலிருந்தா? இந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இதைவிட எளிமையான எதையெல்லாம் முயன்று பார்த்துவிட்டோம்? பலன் இல்லையென்றால் எத்தனை வாரத்தில் வழியை மாற்றுவோம்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் 'முடியாது' என்றால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதில் தவறே இல்லை. மேலே சொன்ன அவசர அறிகுறிகள் இல்லாத தாடை மூட்டு வலியில், சில வாரங்கள் பொறுத்திருப்பதால் பெரும்பாலும் இழப்பு ஒன்றுமில்லை. அந்தச் சில வாரங்களிலும் பல்லைக் கடிக்காமல் பொறுத்திருப்பதுதான் முக்கியம்.